சைக்ளோஸ்போரின் எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கல்சியத்தோடு சேர்த்து அளப்பது எப்படி

ஒரே ஈரலிலிருந்து ஒரே காலையில் பிரித்தெடுத்த இழைமணிகளோடு (மைற்றோகொண்ட்ரியா) ஒரே போத்தலிலிருந்த சைக்ளோஸ்போரினைச் சேர்த்த இரண்டு மாணவர்களில், ஒருவர், கல்சியம் மிகும்போது இழைமணிச் சவ்வில் திறக்கும் துளையை மருந்து முற்றாகத் தடுத்தது என்றும் மற்றவர் அது சிறிதும் தடுக்கவில்லை என்றும் எழுதிக்கொண்டு வருவதுண்டு. இருவருடைய குறிப்பேட்டையும் வாங்கிப் பார்த்தால், முதலாமவர் 40 மைக்குரோமோலர் கல்சியமும் இரண்டாமவர் 300 மைக்குரோமோலர் கல்சியமும் இட்டிருப்பார். இருவரும் கண்டது உண்மைதான். கேட்ட கேள்விதான் அரைகுறையானது. இந்தத் துளையைத் தடுக்கும் வலிமை மருந்துக்கு மட்டும் உரிய ஓர் எண் அன்று; கல்சியத்தின் அளவு மாற அதுவும் மாறும். யாழ்ப்பாணத்து நீரையும் வெக்கையையும் வைத்துக்கொண்டு அதை முறையாக அளப்பது எப்படி என்பதை, இறுதியாண்டு மாணவரையும் புதிதாக ஆய்வில் இறங்குபவரையும் மனத்திற் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

இழைமணியின் உள்மென்சவ்வு சாதாரண நிலையில் புரோத்தனைக்கூட எளிதில் விடாத இறுக்கமான சவ்வு. அச்சவ்வினுள் இருக்கும் தாயத்தில் கல்சியம் அளவு மீறிச் சேரும்போது, ஏறத்தாழ 1500 டால்டன் வரையிலான கரையங்களைக் கடக்கவிடும் ஒரு வழி அந்தச் சவ்வில் திறக்கிறது. மென்சவ்வின் மின்னழுத்தம் விழுகிறது. சுக்குரோசு உள்ளே புக நீரும் பின்தொடர்ந்து தாயம் வீங்குகிறது. கலத்தின் சக்தி நாணயமான ஏரீபீயின் (ATP) ஆக்கம் நின்றுவிடுகிறது. ஹண்டரும் ஹாவர்த்தும் 1979 இல் மாட்டிதய இழைமணிகளில் இதை விரிவாக விளக்கினார்கள். உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் நோயெதிர்ப்பை அடக்கக் கொடுக்கப்படும் சைக்ளோஸ்போரின் ஏ இத்துளையைத் தடுக்கிறது என்பதைக் குரொம்ப்டனும் உடன் ஆய்வாளரும் 1988 இல் காட்டினர். துளை எந்தப் புரதத்தால் ஆனது என்பதில் இன்றும் ஒருமித்த முடிவு இல்லை. ஏரீபீ தொகுப்பி என்போரும் அடெனின் நியூக்கிளியோதைட்டுக் காவி என்போரும் உளர். நமது பரிசோதனைக்கு அந்த வழக்குத் தீர வேண்டியதில்லை.

ஆனால் மருந்து எங்கே பிடிக்கிறது என்பதைத் தெரிந்தே தொடங்க வேண்டும். சைக்ளோஸ்போரின் துளையின் வாயில் தக்கையாகச் செருகப்படுவதில்லை. அது பிடிப்பது தாயத்திலுள்ள சைக்ளோபிலின் டி என்னும் நொதியத்தை. அந்த நொதியம் துளை திறப்பதற்குக் கைகொடுக்கிறது. அது இருக்கும்போது குறைந்த கல்சியத்திலேயே துளை திறந்துவிடும். படலையை இருவர் சேர்ந்து தள்ளும்போது ஒருவரைப் பிடித்து நிறுத்தினால், மற்றவர் இன்னும் பலமாகத் தள்ள வேண்டியிருக்குமே ஒழிய, படலைக்குப் பூட்டுப் போட்டதாக ஆகாது. இங்கே தள்ளிக்கொண்டே இருப்பது கல்சியம். சைக்ளோபிலின் டியின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளைப் பற்றி 2005 இல் நான்கு ஆய்வுக் குழுக்கள் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாக்கின. அந்த விலங்குகளின் இழைமணிகளில் துளை திறக்க ஏறத்தாழ இரு மடங்கு கல்சியம் தேவைப்பட்டது. ஆனாலும் துளை திறக்கவே செய்தது. சைக்ளோஸ்போரினைச் சேர்த்தபோது மேலதிகமாக எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே மருந்தின் செறிவை ஓர் எல்லைக்கு மேல் கூட்டுவதால் பயனில்லை, அதேவேளை கல்சியத்தைக் கூட்டினால் எந்தச் செறிவிலும் மருந்தை மீறலாம் என்பதை எதிர்பார்த்தே பரிசோதனையைத் திட்டமிட வேண்டும்.

இனி நமது ஊருக்குரிய சங்கடம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கிணற்று நீர் அந்தக் கல்லை ஊறிக் கரைத்துக்கொண்டு வருகிறது. தேநீருக்கு நீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளைக் காரையாக உதிர்வது அந்தக் கல்சியமே. அதே நீரில் கழுவிய அளவுசாடியில்தான் நாம் மைக்குரோமோலர்க் கணக்குப் பார்க்க முனைகிறோம். ஒரு லீற்றரில் 200 மில்லிகிராம் கல்சியங் காபனேற்றுக்குச் சமமான கல்சியம் கொண்ட நீர் 2 மில்லிமோலர்க் கல்சியக் கரைசலாகும். அந்த நீர் 0.1 மில்லிலீற்றர் அளவுக்குச் சாடியின் சுவரில் ஒட்டியிருக்க, அதில் 10 மில்லிலீற்றர் தாங்கற் கரைசலை ஆக்கினால், 20 மைக்குரோமோலர் கல்சியம் நாம் அறியாமலே சேர்ந்துவிடுகிறது. கீழே சொல்லப்போகும் 2 மில்லிலீற்றர் அளவுப் பரிசோதனையில் அது 40 நனோமோல்; அதாவது நாம் ஒவ்வொன்றாக இட்டு எண்ணவேண்டிய நான்கு துளிகள், தொடங்கும் முன்பே உள்ளே போய்விட்டன. நீரின் வன்தன்மையில் மகனீசியமும் பங்கு கொள்வதால் பிழை ஒரு பக்கமாக மட்டும் சாய்வதில்லை. கல்சியம் துளையைத் திறக்கத் தூண்ட, மகனீசியம் அதை மூடிவைக்க முயல்கிறது. இரண்டும் தெரியாத அளவில் கலந்த கரைசலில் பெற்ற எண்ணைத் திருத்த வழியே இல்லை.

நான் இதைப் பட்டே கற்றுக்கொண்டேன். கிணற்று நீரில் அலசிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் சுக்குரோசுக் கரைசலை வைத்திருந்த ஒரு வாரம் முழுவதும், மருந்து இடாத இழைமணிகள் இரண்டாம் துளியிலேயே திறந்தன. சைக்ளோஸ்போரின் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கும்வரை போனேன். பிளாத்திக்குப் போத்தலுக்கு மாறியதும் எல்லாம் சரியாயிற்று. ஆகவே கரைசல்கள் அனைத்தையும் அயன்நீக்கிய நீரிலேயே ஆக்குங்கள். அதைப் பிளாத்திக்குக் கலங்களிலேயே சேமியுங்கள். கலங்களை ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஓர் இரவு ஊறவிட்டு, அயன்நீக்கிய நீரில் பல முறை அலசுங்கள். கொதிக்க வைத்து ஆறவிட்ட நீரில் ஒரு பகுதிக் கல்சியம் படிந்துவிடுகிறதே தவிர, அது கல்சியமற்ற நீர் ஆகிவிடாது. அயன்நீக்கியின் பிசின் தீர்ந்துபோயிருக்கிறதா என்பதைக் கடத்துதிறன் மானியில் ஒவ்வொரு நாளும் பாருங்கள்.

நீரை நம்புவதிலும் அளப்பதே மேல். இழைமணி சேர்க்காத தாங்கற் கரைசலில் கல்சியம் கிறீன்-5என் என்னும் ஒளிர்சாயத்தைச் சிறிதளவு இட்டு, ஒளிர்வைக் குறித்துக்கொண்டு, பின் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜீரீஏயை (EGTA) 50 மைக்குரோமோலர் அளவுக்குச் சேருங்கள். ஒளிர்வு நன்றாக இறங்கினால் கரைசலில் முன்பே கல்சியம் இருந்தது என்பது பொருள். எவ்வளவு இருந்தது என்பதை, செறிவு தெரிந்த கல்சியங் குளோரைட்டைச் சிறிது சிறிதாக இட்டு வரையும் அளவுகோட்டு வரைபிலிருந்து பெறலாம். இந்தப் பத்து நிமிட வேலையை எந்த நாளிலும் விட வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து.

இழைமணிகளைப் பிரிக்கும் முறை பெரும்பாலான கைநூல்களில் இருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற பின், எலியின் ஈரலை எடுத்து, 250 மில்லிமோலர் சுக்குரோசும் 10 மில்லிமோலர் திரிஸும் 1 மில்லிமோலர் ஈஜீரீஏயும் கொண்ட பீஎச் 7.4 கரைசலில், பனியில் வைத்தபடியே நறுக்கி, நிறம் வெளிறும்வரை அலசி, மெதுவாக அரையுங்கள். ஈர்ப்பின் 700 மடங்கில் பத்து நிமிடம் சுற்றி, கருக்களும் உடையாத கலங்களும் படிந்ததும் மேற்கரைசலை எடுத்து, 7000 மடங்கில் பத்து நிமிடம் சுற்றினால் இழைமணிகள் படியும். படிவின் மேல் வெளிறிய இளகிய படலம் இருந்தால் அதை உறிஞ்சி அகற்றிவிட வேண்டும். நமது வெக்கையில், மையநீக்கியின் சுழலியை முதல் நாள் இரவே குளிரறையில் வைத்துவிடுவது நல்லது. மீன் சந்தைக்கு வரும் ஐஸ் கட்டிகளை உடைத்து முகவையைச் சுற்றிப் பரப்புவதில் தவறில்லை. அதன் உருகுநீர் ஒரு துளிகூட உள்ளே தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசிக் கழுவலில் மட்டும் ஈஜீரீஏ இருக்கக்கூடாது. ஒரு மில்லிலீற்றரில் 50 மில்லிகிராம் புரதம் கொண்ட இழைமணித் தொங்கலை 1 மில்லிமோலர் ஈஜீரீஏயோடு அப்படியே வைத்திருந்தால், அதில் 20 மைக்குரோலீற்றரை இடும்போது 20 நனோமோல் ஈஜீரீஏயும் கூடவே வருகிறது. முதல் இரண்டு துளிக் கல்சியத்தை அது விழுங்கிவிடும்; இழைமணிகள் உள்ளதைவிட உறுதியானவைபோலத் தோன்றும். புரத அளவை பையூரெட்டு முறையில் கண்டு, தொங்கலைப் பனியில் வைத்து, நான்கைந்து மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

இப்போது பரிசோதனை. ஒளிர்வுமானி இருந்தால் கல்சியந் தாங்குதிறனை அளப்பதே சிறந்தது. 250 மில்லிமோலர் சுக்குரோசு, 10 மில்லிமோலர் திரிஸ்-மொப்ஸ், 5 மில்லிமோலர் சக்சினேற்று, 2 மைக்குரோமோலர் ரொட்டினோன், 1 மில்லிமோலர் பொசுபேற்று, 10 மைக்குரோமோலர் ஈஜீரீஏ, 1 மைக்குரோமோலர் ஒளிர்சாயம் ஆகியவற்றைக் கொண்ட 2 மில்லிலீற்றர்க் கரைசலை 25 பாகை செல்சியசில் கலக்கியபடி வைத்து, 1 மில்லிகிராம் புரத அளவு இழைமணிகளைச் சேருங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, 10 நனோமோல் கல்சியத்தை ஒரு துளியாக இடுங்கள். ஒளிர்வு நெட்டுக்குத்தாக எழும்பும். பின் இழைமணிகள் கல்சியத்தை உள்ளே இழுக்க இழுக்க, அது வளைந்து இறங்கிப் பழைய மட்டத்தை நெருங்கும். நிமிடத்துக்கு ஒரு துளியாக இதைத் தொடர்ந்தால் வரைபு அரிவாளின் பற்களைப்போல வரிசையாக அமையும். சில துளிகளின் பின் இறக்கம் சோம்பத் தொடங்கும். அடிமட்டம் சற்றே உயரும். அதன்பின் ஒரு துளிக்கு இறக்கமே வராது. மாறாக, உள்ளே சேர்ந்திருந்த கல்சியம் முழுவதும் வெளியேறி ஒளிர்வு மேலே ஏறிக்கொண்டே போகும். துளை திறந்த இடம் அதுதான். அதுவரை இழைமணிகள் ஏற்றுக்கொண்ட துளிகளைப் பத்தால் பெருக்கினால், ஒரு மில்லிகிராம் புரதம் தாங்கிய கல்சியம் நனோமோலில் கிடைக்கும்.

மருந்தோடு செய்யும்போது, சைக்ளோஸ்போரின் 1.2 மில்லிகிராமை 1 மில்லிலீற்றர் எதனோலில் கரைத்தால் 1 மில்லிமோலர்க் கரைசல் கிடைக்கும். அதில் 2 மைக்குரோலீற்றரை இட்டால் 2 மில்லிலீற்றரில் 1 மைக்குரோமோலர் ஆகிறது. மருந்து இடாத ஓட்டத்துக்கு வெறும் எதனோலை அதே அளவு இட வேண்டும். கல்சியத்துக்கு முன்னரே மருந்தை இட்டு ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். துளை திறந்து தாயம் வீங்கிய பின் மருந்தைக் கொட்டிப் பயனில்லை. அவ்வாறு வீங்கியதை மீட்க வேண்டுமானால் முதலில் கல்சியத்தை ஈஜீரீஏயால் பிடித்தெடுக்க வேண்டும். சைக்ளோஸ்போரின் நோயெதிர்ப்பை அடக்குவது கல்சினியூரின் என்னும் நொதியத்தைத் தடுத்து; அதனால்தான் இந்த விளைவும் வந்ததோ என்ற ஐயத்தை நீக்க, தக்ரோலிமசு என்னும் வேறொரு மருந்தோடு ஓர் ஓட்டம் செய்யுங்கள்: அது கல்சினியூரினைத் தடுக்கும், சைக்ளோபிலினோடு பிணையாது, ஆகவே தாங்குதிறனைக் கூட்டக்கூடாது.

ஒளிர்வுமானி இல்லாத ஆய்வுகூடங்களே நம்மிடம் அதிகம். சாதாரண நிறமாலை ஒளிமானியில் 540 நனோமீற்றரில் வீக்கத்தைப் பார்த்தும் இதைச் செய்யலாம். சாயத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு குவெற்றுக்கும் வெவ்வேறு ஒற்றை அளவுக் கல்சியத்தை, உதாரணமாக 20, 40, 80, 160, 320 மைக்குரோமோலர் என்று இட்டு, பத்து நிமிடத்தில் உறிஞ்சுகை எவ்வளவு விழுகிறது என்று குறியுங்கள். ஒவ்வொரு கல்சிய அளவுக்கும் மருந்தோடு ஒன்று, எதனோலோடு ஒன்று. இரண்டு வளைகோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால், மருந்துள்ள கோடு மேலே கீழே போகாமல் வலப்பக்கமாக நகர்ந்திருப்பது தெரியும். குறைந்த கல்சியத்தில் இரண்டும் தட்டை. நடுவில் அவை அகன்று பிரியும். அங்கே நின்று பார்த்தவர் மருந்து முற்றாகத் தடுக்கிறது என்பார். உயர்ந்த கல்சியத்தில் அவை மீண்டும் ஒன்றையொன்று நெருங்கும். அங்கே நின்றவர் மருந்து பயனற்றது என்பார். நீங்கள் எழுத வேண்டியது கோடு எவ்வளவு நகர்ந்தது என்பதையே; அதாவது பாதி வீக்கத்துக்குத் தேவையான கல்சியம் மருந்தோடு எத்தனை, மருந்தின்றி எத்தனை என்பதை.

மருந்தின் செறிவை மாற்றிப் பாதித் தடுப்புக்குரிய செறிவைக் கணிக்க விரும்புவோர் இரண்டு எச்சரிக்கைகளை நினைவிற் கொள்ள வேண்டும். கல்சியத்தைக் குறைவாக வைத்தால் சிறிதளவு மருந்தே போதுமானதாகத் தோன்றும்; கூட்டி வைத்தால் அதே மருந்து வலுவற்றதாகத் தோன்றும்; ஆதலால் கல்சிய அளவைச் சொல்லாத பாதிச் செறிவுக்குப் பொருள் இல்லை. மேலும் சைக்ளோஸ்போரின் சைக்ளோபிலினோடு நனோமோலர் அளவிலேயே இறுகப் பிணைவதால், குவெற்றில் இழைமணிகளை இரட்டித்தால் தேவைப்படும் மருந்தும் கூடும். இரண்டு நாள் முடிவுகளை ஒப்பிடும்போது புரத அளவு ஒன்றாக இருந்ததா என்று பாருங்கள்.

புதிய மருந்தொன்றை, குறிப்பாக நமது மூலிகைச் சாறொன்றைச் சோதிக்கும்போது, போலித் தடுப்பான்களில் ஏமாறுவது மிக எளிது. வீக்கம் நின்றது என்றவுடன் துளை தடுக்கப்பட்டது என்று முடிவு கட்டக்கூடாது. கல்சியம் உள்ளே போகும் வழியையே றுத்தேனியம் சிவப்பு அடைத்துவிடும். மென்சவ்வின் மின்னழுத்தத்தைக் குலைக்கும் பொருளும் கல்சியத்தை உள்ளே போகவிடாது. கல்சியத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் சாறும் உண்டு. மூன்றிலும் துளை திறக்காது, ஆனால் மூன்றும் துளையைத் தொட்டவை அல்ல. கல்சியந் தாங்குதிறன் முறையில் இது உடனே தெரியும்: உண்மையான தடுப்பானில் பற்கள் கூர்மையாக எழுந்து நன்றாக இறங்கும், போலியில் முதல் துளியிலிருந்தே இறக்கம் இராது, அல்லது கல்சியத்தைப் பிடிக்கும் சாறாயின் எழுச்சியே இராது. இன்னும் உறுதி வேண்டுமானால், சுவாசச் சங்கிலியை நிறுத்தி, ஏ23187 என்னும் அயன்காவியைச் சேர்த்து, வெளியிலும் தாயத்திலும் கல்சியம் ஒன்றாகும்படி செய்து வீக்கத்தை அளக்க வேண்டும். அங்கே கல்சியத்தை ஈஜீரீஏ போன்ற பிடியால் நிலைநிறுத்துவோர், ஒவ்வொரு கல்சியமும் பிணையும்போது இரண்டு புரோத்தன் வெளிவருவதால், கலந்த பின் பீஎச்சை மீண்டும் சரிபார்க்க வேண்டும். பீஎச் 7 இற்குக் கீழே இறங்கினால் அமிலமே துளையைத் தடுக்கும். அந்தப் பெருமை மருந்துக்குப் போய்விடும். கடும் நிறமுள்ள சாறு 540 நனோமீற்றரில் தானே ஒளியை உறிஞ்சுகிறதா என்பதையும் இழைமணி இல்லாமல் பார்த்துவிடுங்கள்.

கல்சியத்தின் கையைப் பலப்படுத்துவனவும் தளர்த்துவனவும் வேறு உள. மகனீசியமும் ஏடீபீயும் (ADP) துளை திறப்பதற்குத் தேவையான கல்சியத்தைக் கூட்டுகின்றன. ஒட்சியேற்றிகள் அதைக் குறைக்கின்றன. பொசுபேற்றின் கதை நுணுக்கமானது. அது பொதுவாகத் துளை திறப்பதற்கு உதவுவதென்றே கருதப்பட்டது. ஆனால் பொசுபேற்று இல்லாத கரைசலில் சுண்டெலி இழைமணிகளைச் சைக்ளோஸ்போரின் காக்கவில்லை என்று 2008 இல் காட்டப்பட்டது. ஆகவே எவ்வளவு பொசுபேற்று இட்டீர்கள் என்பதை எழுதாமல் விடவேண்டாம். வெப்பநிலையும் அப்படியே. சித்திரை, வைகாசியில் அறை வெப்பநிலை என்று எழுதுவது 25 பாகையைக் குறிக்காது. நீர்த் தொட்டியின் வெப்பமானியைப் பார்த்து எழுதுங்கள். நடுவில் மின்வெட்டு வந்து கலக்கி நின்றுபோன ஓட்டத்தை ஒட்டவைக்க முயலாமல் அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

மாரடைப்பில் அடைபட்ட நாடியைத் திறக்கும் கணத்தில் இதயக் கலங்களுக்குள் கல்சியம் பெருகுவதும், அமிலத்தன்மை நீங்குவதும், துளை திறப்பதும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. 2008 இல் 58 நோயாளரோடு செய்யப்பட்ட சிறு ஆய்வில் சைக்ளோஸ்போரின் பாதிப்பைக் குறைத்தது. 2015 இல் வெளியான 970 நோயாளரைக் கொண்ட பேராய்வில் அந்தப் பயன் தெரியவில்லை. அதற்குக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. கல்சியம் எவ்வளவு ஏறிய நிலையில் மருந்து கலத்தைச் சென்றடைந்தது என்ற கேள்வியை அவற்றுள் முன்னே வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். நமது குவெற்றில் வலப்பக்கம் நெருங்கும் அந்த இரண்டு கோடுகளைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இராது.

முடிவுகளை எழுதும்போது ஒரு விலங்கு ஓர் எண்ணிக்கை. ஒரே ஈரலிலிருந்து எட்டுக் குவெற்றுகள் ஓட்டினால் அது எட்டு அல்ல, ஒன்று. மருந்தின் செறிவு எழுதப்படும் அதே வரியில் கல்சியத்தை ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இத்தனை நனோமோல் என்று எழுதுங்கள். நாளின் தொடக்கத்திலும் முடிவிலும் மருந்தில்லா ஓட்டம் ஒவ்வொன்று செய்து, இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே இடையில் உள்ளவற்றை நம்புங்கள். சைக்ளோஸ்போரின் நீரில் கரைய விரும்பாத பொருள். குவெற்றின் சுவரிலும் கலக்கியிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்த மருந்தில்லா ஓட்டத்தையும் தடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு மருந்து ஓட்டத்தின் பின்னும் குவெற்றை எதனோலில் மூன்று முறையும் அயன்நீக்கிய நீரில் மூன்று முறையும் அலசுங்கள். இயலுமானால் மருந்துக்கென்று ஒரு குவெற்றையும் ஒரு கலக்கியையும் தனியே ஒதுக்கி, மேலே நிறநாடா ஒட்டிவையுங்கள்.